கம்ப்யூட்டருக்குக் காய்ச்சல்!

மகன் விளையாடிக்கொண்டிருந்தான். கார்ப் பந்தயம். கடைசிச் சுற்று.

திடீரென்று திரை இருண்டது. கம்ப்யூட்டர் நின்றுவிட்டது!

"போச்சு! கிராபிக்ஸ் கார்டு செத்துப்போச்சு!" என்று தலையில் கை வைத்துக்கொண்டான் பையன்.

கார்டு சாகவில்லை. ஆனால் அதைக் கண்டுபிடிக்க அந்த வீட்டுக்கு மூன்று வாரம் ஆயிற்று. அதற்குள் 28 ஆயிரம் ரூபாய் வீணாகப் போயிருக்கும். போகாமல் தடுத்தது யார்? என்ஜினீயர் அல்ல. கடைக்காரர் அல்ல. ஒரு தொழிலாளியும், அவருடைய மனைவியும்!

அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

தொழிற்சாலைகளின் நடுவே

சென்னையிலிருந்து பெங்களூர் சாலையில் சுமார் 40 கிலோமீட்டர் போனால் ஸ்ரீபெரும்புதூர். ராமானுஜர் பிறந்த ஊர். முன்பு ஏரியும் வயலுமாக இருந்த பூமி. இன்று எந்தப் பக்கம் திரும்பினாலும் தொழிற்சாலை.

1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வெளிவந்தது. 2006-ல் நோக்கியா செல்போன் தொழிற்சாலை வந்தது. 2014-ல் அது மூடப்பட்டது. 2007-ல் டெல் கம்பெனி ஸ்ரீபெரும்புதூரில் கம்ப்யூட்டர் தொழிற்சாலையைத் திறந்தது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் கார் தொழிற்சாலை வந்தது.

அந்த ஒரகடத்தில், லாரி ஓடும் சாலையை ஒட்டிய ஒரு வாடகை வீட்டில், எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இருக்கிறது. தகப்பனார் கார் உதிரி பாகம் செய்யும் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். மூத்த மகள் செல்போன் பாகம் பூட்டும் வேலைக்குப் போகிறாள். மகன் பிளஸ்-2 படிக்கிறான்.

கம்ப்யூட்டர் 2017-ல் வாங்கியது. கோர் ஐ5-7400 என்ற சில்லு அதில் இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன் பையன் சென்னை ரிச்சி தெருவில் பழைய ஜி.டி.எக்ஸ். 1060 கிராபிக்ஸ் கார்டு ஒன்றை வாங்கி அதில் போட்டான். படிப்புக் கம்ப்யூட்டர் விளையாட்டுக் கம்ப்யூட்டர் ஆகிவிட்டது!

இப்போது அதற்கு இரண்டு நோய். ஒன்று: விளையாடத் தொடங்கி 20 நிமிஷம் ஆனால் படம் திக்கித் திக்கி ஓடும். இரண்டு: சில நாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும்.

"புதுக் கார்டு 28 ஆயிரம். மொத்தமும் புதிதாக வாங்கினால் 75 ஆயிரம்" என்று கடையில் கேட்டு வந்தான் பையன்.

"என் இரண்டு மாசச் சம்பளத்தைத் தருகிறேன், வாங்கிக்கொள்ளட்டும்" என்றாள் அக்காள். அது அவள் கல்யாணத்துக்கென்று சேர்த்து வரும் பணம்.

தகப்பனார் கேட்டார்: "தம்பி, கார்டுதான் கெட்டது என்று உனக்கு எப்படித் தெரியும்?"

பையன் பதில் சொல்லவில்லை. அவனுக்குத் தெரியாது. அதுதான் உண்மை.

எப்போதிலிருந்து?

"எங்கள் தொழிற்சாலையில் ஒரு யந்திரம் நின்றால், முதலில் ஸ்பானரை எடுக்கமாட்டோம். நோட்டை எடுப்போம்" என்றார் தகப்பனார்.

ஒரு 40 பக்க நோட்டு வந்தது. எந்த நாள், எத்தனை மணி, என்ன வேலை செய்தபோது, எத்தனை நிமிஷம் கழித்துக் கோளாறு வந்தது — எல்லாவற்றையும் எழுதச் சொன்னார்.

ஒரு வாரத்தில் நோட்டு பேச ஆரம்பித்தது.

பாடம் எழுதும்போது கோளாறு இல்லை. விளையாடும்போதுதான் வருகிறது. திக்குவது பகல் 2 மணிக்கு அதிகம். இரவு 10 மணிக்குக் குறைவு. ஆனால் திடீரென்று நிற்பதற்கு நேரம் காலம் இல்லை. பகலிலும் நிற்கிறது, இரவிலும் நிற்கிறது.

"எப்போதிலிருந்து இப்படி?"

"பொங்கலுக்குப் பிறகு."

"பொங்கலுக்கு இந்த வீட்டில் என்ன மாறியது?"

புது ஃபிரிட்ஜ் வாங்கினார்கள். சமையலறையில் இடமில்லை. கூடத்தில் வைத்தார்கள். அதற்கு இடம் விட்டு, கம்ப்யூட்டரை ஜன்னல் ஓரம், மேஜையின் கீழ்த் தட்டில், தரையோடு தரையாகத் தள்ளி வைத்தார்கள்.

வாசகர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். குற்றவாளி இந்த இடத்திலேயே ஒளிந்திருக்கிறான்!

முதலில் நகல்

கேபினட்டைத் திறக்கும் முன் தகப்பனார் ஒரு வேலை செய்யச் சொன்னார். பாட்டியின் போட்டோக்கள், மகளின் சான்றிதழ்கள், பையனின் பள்ளிக்கூட வேலை எல்லாவற்றையும் வேறொரு டிஸ்க்கில் நகல் எடுக்கச் சொன்னார்.

"நன்றாகத்தானே இருக்கிறது?" என்று முணுமுணுத்தான் பையன்.

"வைத்தியம் பார்க்கும்போதுதான் உயிர் போகும். எடு" என்றார்.

பாட்டி இறந்து 4 வருஷம் ஆகிறது. அந்த முகம் இருப்பது அந்தக் கம்ப்யூட்டரில் மட்டும்தான்.

நகல் எடுத்தார்கள். அது எவ்வளவு பெரிய புண்ணியம் என்பது பிறகு தெரிந்தது.

97 டிகிரி!

கம்ப்யூட்டரின் உள்ளே வெப்பத்தை அளக்கத் தனிக் கருவி வேண்டாம். சில்லுக்குள்ளேயே வெப்பமானி இருக்கிறது. அது சொல்வதைப் படித்துக் காட்டும் இலவச மென்பொருள்கள் உண்டு. 'எச்.டபிள்யூ. இன்ஃபோ' என்பது ஒன்று. பையன் அதைப் போட்டான். ஒரு பக்கம் விளையாட்டு, இன்னொரு பக்கம் கணக்கு.

60 டிகிரி. 75. 88. 97!

97 டிகிரியைத் தொட்டதும் ஒரு வேடிக்கை நடந்தது. விநாடிக்கு 300 கோடிக்கு மேல் துடித்துக்கொண்டிருந்த சில்லு, பாதி வேகத்துக்கு இறங்கிவிட்டது. அந்த நிமிஷமே விளையாட்டு திக்கியது.

இது கோளாறு அல்ல. தற்காப்பு! அந்தச் சில்லு தாங்கக்கூடிய எல்லை 100 டிகிரி. எல்லையை நெருங்கியதும் அது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. வேகம் குறைந்தால் சூடு குறையும். அப்படியும் அடங்காமல் போனால், கருகிப் போகாமல் இருக்கத் தானே நின்றுவிடும். வெயிலில் மூட்டை சுமப்பவர் நிழலில் கொஞ்சம் உட்காருவது போலத்தான்.

பகலில் அதிகம் திக்குவது ஏன் என்பதும் விளங்கிவிட்டது. விசிறி வீசுவது அறையில் உள்ள காற்றைத்தான். அறை 10 டிகிரி சூடாக இருந்தால், சில்லும் ஏறக்குறைய அந்த 10 டிகிரி கூடுதலாகச் சுடும். கத்திரி வெயிலில் நம் ஊர் 40 டிகிரியைத் தாண்டுகிறது. கம்ப்யூட்டர் என்ன செய்யும், பாவம்!

ஏன்? ஏன்? ஏன்?

சூடு என்று தெரிந்துவிட்டது. "விசிறி ஒன்று வாங்கிப் போடலாம்" என்றான் பையன்.

"பொறு" என்றார் தகப்பனார். "எங்கள் தொழிற்சாலையில் 5 தடவை 'ஏன்' என்று கேட்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்."

இது ஜப்பானிலிருந்து வந்த வழி. டொயோட்டா கார்க் கம்பெனியின் தாயிச்சி ஓனோ என்பவர் 1978-ல் வெளியிட்ட தம் புத்தகத்தில் இதை விளக்கியிருக்கிறார். யந்திரம் நின்றது. ஏன்? பளு தாங்காமல் ஃபியூஸ் போயிற்று. ஏன்? பேரிங்குக்கு எண்ணெய் போதவில்லை. ஏன்? பம்பு சரியாக எண்ணெய் இறைக்கவில்லை. ஏன்? பம்பின் தண்டு தேய்ந்துவிட்டது. ஏன்? வடிகட்டி இல்லாததால் உலோகத் தூள் உள்ளே போய்விட்டது. முதல் 'ஏன்'-ஓடு நிறுத்தினால் ஃபியூஸை மட்டும் மாற்றுவோம். மறு மாதம் மறுபடி போகும்!

இந்த வழியை ஒரகடம் வீட்டில் கையாண்டார்கள்.

விளையாட்டு திக்குகிறது. ஏன்? சில்லு வேகத்தைக் குறைத்தது. ஏன்? சூடு 97 டிகிரி. ஏன்? சூடு வெளியே போகவில்லை. ஏன்? திறந்து பார்த்தால்தான் தெரியும்.

திறந்தார்கள்.

தூசி மெத்தை

பிளக்கைப் பிடுங்கினார்கள். பிறகு கேபினட்டின் 'ஆன்' பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடித்தார்கள். உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடிவதற்காக.

அக்காள் குறுக்கே வந்தாள். "தம்பி, நைலான் சட்டையைக் கழற்று. முதலில் கேபினட்டின் இரும்பைத் தொடு" என்றாள்.

அவள் வேலை செய்யும் இடத்தில் மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டித்தான் உட்காரவேண்டும். பட்டையிலிருந்து ஒரு ஒயர் பூமிக்குப் போகும். நம் உடம்பில் உராய்வினால் மின்சாரம் சேரும். நமக்கு அது தெரியாது. ஆனால் நுட்பமான சில்லுக்கு அது இடி! பூமியோடு சேர்ந்த இரும்பைத் தொட்டால் அது வடிந்துவிடும்.

பக்கத் தகட்டை எடுத்ததும் எல்லாரும் வாயைப் பிளந்தார்கள்.

சில்லின் மேல் ஒரு அலுமினியக் கட்டி இருக்கிறது. சீப்பு போல் பல தகடுகள். சூட்டை வாங்கிக் காற்றில் விடுவது அதன் வேலை. அந்தத் தகடுகளே தெரியவில்லை. மெத்தை விரித்தது போல் தூசி! ஜன்னலுக்கு வெளியே லாரி கிளப்பும் செம்மண் அப்படியே உள்ளே குடியேறியிருந்தது.

பெயிண்ட் பிரஷ்ஷாலும் காற்று ஊதும் கருவியாலும் சுத்தம் செய்தார்கள். ஊதும்போது விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டார்கள். அதைப் பம்பரம் போல் சுழல விட்டால் பேரிங் கெடும்.

அலுமினியக் கட்டியைக் கழற்றினார்கள். சில்லுக்கும் கட்டிக்கும் நடுவே 'தெர்மல் பேஸ்ட்' என்ற பசை இருக்கும். கண்ணுக்குத் தெரியாத இடைவெளியை நிரப்பிச் சூட்டைக் கடத்துவது அது. 2017-ல் வைத்த பசை, காய்ந்த சுண்ணாம்பாக உதிர்ந்தது. ஐசோப்ரொபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து, புதுப் பசையை ஒரு சிறு பட்டாணி அளவு வைத்துப் பூட்டினார்கள். அதிகம் வைத்தால் அதிகக் குளிர்ச்சி என்று நினைப்பது தவறு. வழிந்து அசிங்கமாகும். அவ்வளவுதான்.

ஐந்தாவது 'ஏன்' பாக்கி இருந்தது. ஏன் இவ்வளவு தூசி? தரையில், ஜன்னல் ஓரம், காற்றுப் போக வழியில்லாத தட்டில் வைத்ததால்!

மேஜையின் மேலே தூக்கி வைத்தார்கள். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி. காலண்டரில் ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமையைச் சுற்றிச் சிவப்பு மையால் வட்டம் போட்டார் தகப்பனார். தூசி தட்டும் நாள்!

மறுபடி விளையாடிப் பார்த்தான் பையன். 72 டிகிரிக்கு மேல் ஏறவில்லை. படம் தண்ணீர் போல் ஓடியது. செலவு: பசைக்கு 250 ரூபாய்.

வீட்டில் பாயசம் வைத்தார்கள்.

மறு நாள் இரவு 9 மணிக்கு, 70 டிகிரியில், கம்ப்யூட்டர் பட்டென்று நின்றது!

இன்னொரு திருடன்

பையன் அழாக்குறை. "நான் அப்போதே சொன்னேனே, கார்டுதான்!" என்றான்.

தகப்பனார் நோட்டைப் புரட்டினார். "திக்குவது நின்றுவிட்டது. நிற்பது நிற்கவில்லை. அப்படியானால் இரண்டும் ஒரே நோய் அல்ல" என்றார்.

இங்கேதான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். ஒரு காரணத்தைக் கண்டுபிடித்ததும், எல்லாவற்றுக்கும் அதுவே காரணம் என்று நினைத்துவிடுகிறோம்.

விண்டோஸில் நிகழ்ச்சிப் பதிவேடு ஒன்று உண்டு. அதில் 'கெர்னல் பவர் 41' என்று எழுதியிருந்தது. பையன் அதைப் பெரிய கண்டுபிடிப்பாக எண்ணினான். ஆனால் அதன் பொருள் "நான் முறைப்படி மூடப்படவில்லை" என்பதுதான். விழுந்தேன் என்று சொல்கிறதே தவிர, யார் தள்ளினார் என்று அது சொல்வதில்லை.

"ஒரு சமயத்தில் ஒரே ஒரு மாற்றம்" என்றார் தகப்பனார். "இரண்டை மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது."

முதலில் ராம். அதைக் கழற்றி மறுபடி அழுத்திப் பொருத்தினார்கள். 'மெம்டெஸ்ட்' என்ற சோதனையை ஒரு இரவு முழுவதும் ஓட விட்டார்கள். ஒரு பிழையும் இல்லை.

பிறகு கார்டு. பையனின் நண்பன் வீட்டுக் கம்ப்யூட்டரில் அதைப் போட்டு 3 மணி நேரம் ஓட்டினார்கள். ஒரு குறையும் இல்லை! 28 ஆயிரம் கொடுத்து மாற்றியிருந்தால்? பணமும் போயிருக்கும், நோயும் இருந்திருக்கும்.

அப்படியானால் யார்தான் திருடன்?

தாயார் கண்டுபிடித்தார்

தாயார் பேசாமல் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"ஏங்க, நான் ஒன்று சொன்னால் சிரிக்கக்கூடாது. ஃபிரிட்ஜ் 'டுக்' என்று சத்தம் போட்டு உறுமுமே, அப்போதுதான் இது நிற்கிறது. நானும் நாலைந்து தடவை பார்த்துவிட்டேன்" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் மேஜைக்கு அடியில் குனிந்தார்கள்.

ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். அதில் ஒரு துளையில் ஃபிரிட்ஜ். இன்னொரு துளையில் கம்ப்யூட்டர். பாக்ஸை அசைத்தால் பிளக் லொடலொட என்று ஆடியது!

ஃபிரிட்ஜின் உள்ளே கம்ப்ரசர் என்ற மோட்டார் இருக்கிறது. சாதாரண ஃபிரிட்ஜில் அது சிறிது நேரம் ஓடும். சிறிது நேரம் ஓயும். ஓய்ந்த மோட்டார் புறப்படும் கணத்தில், ஓடும்போது இழுப்பதைப் போல் பல மடங்கு மின்சாரத்தை உறிஞ்சும். அந்தக் கணத்தில், தளர்ந்த அந்த பாக்ஸில் வோல்டேஜ் விழுந்துவிடும். விளக்கு லேசாக மங்கி மறுபடி எரிவதைப் பார்த்திருப்பீர்களே, அதுதான்.

கம்ப்யூட்டரின் மின்சாரப் பெட்டிக்கு எஸ்.எம்.பி.எஸ். என்று பெயர். வீட்டுக்கு வரும் 230 வோல்ட்டை வாங்கி 12, 5, 3.3 வோல்ட்டுகளாக மாற்றித் தருவது அது. அதனுள் 'கெபாசிட்டர்' என்ற சிறு குப்பிகள் உண்டு. அவை மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் தொட்டிகள். வெளியே ஒரு கண நேரம் மின்சாரம் தடுமாறினால், தொட்டியிலிருப்பதைக் கொண்டு சமாளிக்கும்.

ஆனால் வயதாக ஆக அந்தத் தொட்டி வற்றும். சூடு பட்டால் இன்னும் சீக்கிரம் வற்றும். 2017-ல் கேபினட்டோடு இலவசமாக வந்த பெட்டி அது. அப்போது கிராபிக்ஸ் கார்டே கிடையாது. பிறகு போட்ட கார்டு மட்டும் 120 வாட் கேட்கும். பாடம் எழுதும்போது பளு குறைவு. தொட்டியில் இருப்பது போதும். விளையாடும்போது பளு அதிகம், போதாது. உடனே நின்றுவிடும்.

மோட்டாரும் கம்ப்யூட்டரும் ஒரே பாக்ஸில் வந்தது எப்போது? பொங்கலுக்கு!

ஆனாலும் தகப்பனார் உடனே நம்பிவிடவில்லை. கம்ப்யூட்டரைத் தனிச் சுவர் பிளக்கில் மாட்டினார். 5 நாள் நிற்கவேயில்லை. பழையபடி பாக்ஸில் ஒரே ஒரு தடவை மாட்டிப் பார்த்தார். இரண்டாம் நாள் ஃபிரிட்ஜ் 'டுக்' என்றது. கம்ப்யூட்டர் நின்றது!

"இப்போது நிரூபணம் ஆகிவிட்டது" என்றார்.

தளர்ந்த பாக்ஸைத் தூக்கி எறிந்தார்கள். எலக்ட்ரீஷியனை அழைத்து, ஃபிரிட்ஜுக்கு எர்த் உள்ள தனிப் பிளக் போட்டார்கள். நல்ல கம்பெனி எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை 3,100 ரூபாய்க்கு வாங்கிப் போட்டார்கள்.

டிஸ்க் விடைபெற்றது

கதை இத்தோடு முடியவில்லை. மூன்றாவது வாரம் கம்ப்யூட்டர் உள்ளே 'டக், டக்' என்று ஒரு சத்தம். ஹார்ட் டிஸ்க்! அதற்குள் ஒரு தட்டு சுழன்றுகொண்டே இருக்கிறது. அதன்மேல் ஒரு மெல்லிய கை ஓடிப் படிக்கிறது. அது திடீர் திடீரென்று நின்று நின்று அடிபட்டதோ, வயதுதானோ, அன்று மாலை ஒரேயடியாகக் கண்ணை மூடிவிட்டது.

வீட்டில் யாரும் கலங்கவில்லை. பாட்டியின் போட்டோக்கள் வேறு டிஸ்க்கில் பத்திரமாக இருந்தன.

பழைய டிஸ்க்குக்குப் பதில், சுழலும் தட்டு இல்லாத எஸ்.எஸ்.டி. ஒன்றை 3,600 ரூபாய்க்கு வாங்கினார்கள். முன்பு விசையைத் தட்டிவிட்டு காப்பி குடித்து வரலாம். இப்போது காப்பி ஆற்றுவதற்குள் கம்ப்யூட்டர் தயார்! பழைய கம்ப்யூட்டருக்குச் செய்யக்கூடிய வைத்தியங்களில் கண்ணுக்கு உடனே தெரியும் பலன் இதில்தான்.

மொத்தக் கணக்கு: 250 + 3,100 + 3,600 = 6,950 ரூபாய். எலக்ட்ரீஷியன் கூலி தனி. அக்காளின் பணம் அவளிடமே இருக்கிறது.

குறியைப் பார், நோயைச் சொல்!

உங்கள் வீட்டிலும் பழைய கம்ப்யூட்டர் இருக்கிறதா? இதை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

சிறிது நேரம் ஓடியபின் வேகம் குறைந்தால்: சூடு. தூசியையும் பசையையும் பாருங்கள்.

சொல்லாமல் இருண்டுவிட்டால்: மின்சாரம் அல்லது சூடு. பிளக், பாக்ஸ், எஸ்.எம்.பி.எஸ். என்று வரிசையாகப் பாருங்கள்.

நீலத் திரை வந்தால்: ராம் அல்லது டிரைவர் மென்பொருள் மேல் சந்தேகப்படலாம். திரையில் தெரியும் எழுத்துகளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

படத்தில் கட்டம் கட்டமாக, கோடு கோடாக விழுந்தால்: கார்டையும் திரைக்குப் போகும் ஒயரையும் பாருங்கள்.

'டக், டக்' சத்தம் கேட்டால்: ஹார்ட் டிஸ்க். அந்த நிமிஷமே நகல் எடுங்கள்.

தேதியும் நேரமும் தினமும் பின்னால் போனால்: உள்ளே இருக்கும் சி.ஆர். 2032 என்ற பொத்தான் பாட்டரி தீர்ந்துவிட்டது. சொற்ப விலைதான்.

சும்மா இருக்கும்போதே விசிறி அலறினால்: பின்னணியில் ஏதோ திருட்டு மென்பொருள் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓசியில் கிடைக்கும் திருட்டு விளையாட்டுகளோடு, உங்கள் மின்சாரத்தில் அடுத்தவனுக்குக் காசு சம்பாதித்துக் கொடுக்கும் மென்பொருளும் ஒளிந்து வருவதுண்டு.

இன்னொரு யோசனை. விநாடிக்கு 60 படம் போதும் என்று விளையாட்டில் எல்லை கட்டிவிடுங்கள். கண்ணுக்குக் குறை தெரியாது. கார்டுக்குச் சூடு குறையும்.

அபாயம்!

ஒரு விஷயத்தில் மட்டும் துணிச்சல் வேண்டாம். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைத் திறக்காதீர்கள்! பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும். தொட்டால் உயிருக்கு ஆபத்து. கெட்டுப்போனால் முழுப் பெட்டியையும் மாற்றுங்கள்.

பழைய பெட்டியையும் டிஸ்க்கையும் குப்பையில் போடாதீர்கள். மின்னணுக் கழிவுக்கென்று மத்திய அரசின் 2022-ம் ஆண்டு விதிகள், 2023 ஏப்ரல் 1-ந் தேதி முதல் அமலில் இருக்கின்றன. அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சிக்காரர்களிடம் சேருங்கள்.

எதுவரை வைத்தியம்?

எல்லாக் கிழத்தையும் குமரனாக்க முடியாது. அதையும் சொல்லவேண்டும்.

விண்டோஸ் 10-க்கு வழக்கமாக வந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு முடிந்துவிட்டன. 2017-ல் வந்த பெரும்பாலான சில்லுகளை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. ஜி.டி.எக்ஸ். 1060 வரிசைக் கார்டுகளுக்குப் புது விளையாட்டுகளுக்கான டிரைவர் வெளியிடுவதை என்விடியா கம்பெனி 2025 அக்டோபரோடு நிறுத்திக்கொண்டது. ஆகவே அந்தக் கம்ப்யூட்டரில் பாங்கிக் கணக்குப் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். விளையாட்டும் பாடமும் மட்டும்தான்.

புதியதை வாங்கினால் கோளாறே இருக்காது என்றும் எண்ணவேண்டாம். இன்டெல் கம்பெனியின் 13, 14-ம் தலைமுறை மேஜைக் கம்ப்யூட்டர்ச் சில்லுகள் பல, விளையாடும்போது நிலைகுலைந்து நின்றன. தேவைக்கு மேல் வோல்டேஜ் ஏறியதே காரணம் என்று 2024-ல் அந்தக் கம்பெனியே ஒப்புக்கொண்டது. திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தை 2 வருஷம் நீட்டியது. புதுச் சில்லுக்கும் காய்ச்சல் வரும்!

விலையும் இறங்கவில்லை. செயற்கை அறிவுக் கூடங்கள் நினைவகச் சில்லுகளை வாரிக்கொண்டு போனதால், 2025-ன் கடைசி மாதங்களில் ராம் விலை உலகெங்கும் எகிறியது. இருப்பதைக் காப்பாற்றுவது லாபம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். மாதத்தின் முதல் ஞாயிறு. பையன் கையில் பிரஷ்ஷோடு தூசி தட்டிக்கொண்டிருந்தான். மேஜை மேல் அந்த 40 பக்க நோட்டு இருந்தது. புரட்டிப் பார்த்தேன்.

கடைசிப் பக்கத்தில், பையனின் கையெழுத்தில், இப்படி எழுதியிருந்தது:

"கோளாறு: திடீரென்று நிற்பது. காரணம்: ஃபிரிட்ஜ். கண்டுபிடித்தவர்: அம்மா."